பட்டா, பஞ்சா? யார்க்கி முடி பற்றி வாசகர் கேள்விகள்

யார்க்‌ஷயர் டெரியர் (சுருக்கமாக யார்க்கி) என்ற சிறு நாயினத்தின் நிறமும் முடியின் தன்மையும் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

கே: வாங்கும்போது குட்டி கன்னங்கரேலென்று இருந்தது. புருவத்திலும் கால் நுனியிலும் மட்டும் பழுப்பு. இப்போது 7 மாதம். தலை வெளுத்துச் சாம்பலும் பொன்னுமாகக் கலங்கிக் கிடக்கிறது. கலப்பினத்தைத் தலையில் கட்டிவிட்டார்களா?

ப: கலங்கியிருப்பது தலைமுடி மட்டும்தான், நீங்கள் கலங்க வேண்டாம். 7 மாத யார்க்கி இப்படித்தான் இருக்கும். இந்த இனத்தில் பெரும்பாலான குட்டிகள் கருப்பும் பழுப்புமாகவே பிறக்கும். பிறக்கும்போதே வெள்ளி நிறத்தில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

யார்க்கியின் "நீலம்" தனி நிறமி அல்ல, ஒருவகை நரை. கருப்பு முடியை வயது ஏற ஏற வெளுக்க வைக்கும் மரபணு இந்த இனத்தில் பரவலாக இருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே அது வேலை செய்யும். உடம்பு நரைத்த பிறகும் மூக்கும் கண்ணிமை ஓரமும் பாதத்தின் அடித்தோலும் கருப்பாகவே இருக்கின்றன. நரைப்பது முடி மட்டுமே.

மாற்றம் தலையிலும் கால்களிலும்தான் முதலில் தெரியும். 4 முதல் 6 மாதத்துக்குள் நெற்றியிலும் கன்னத்திலும் கரிப்புகை படிந்தது போன்ற கலவை நிறம் வரும். அந்தக் கருப்பு மெல்லக் கழிந்து பொன்னிறம் மேலே வரும். உடம்பு அதற்குப் பின்னால்தான் தொடங்கும். முழு நிறம் வர 2 வயது ஆகும், சில நாய்களுக்கு 3 வயது. அதற்குள் எடுத்த புகைப்படத்தை வைத்து நிறத்தைத் தீர்ப்பது அவசரம்.

இப்போதே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நல்ல பகல் வெளிச்சத்தில் முதுகு நடுவே சீப்பின் முனையால் வகிடு எடுங்கள். தோலை ஒட்டிய அடிமுடி நுனியைவிட வெளிறி, ஈயம் போலத் தெரிந்தால் நீலம் இறங்கிவிட்டது. நுனியில் இருக்கும் கருப்பு பழைய முடி. அடியும் நுனியும் ஒரே கருப்பு என்றால் 3 மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி பாருங்கள்.

பொன்னிறப் பகுதியில் இது தலைகீழ். நல்ல பழுப்பு முடி அடியில் அடர்ந்து, நடுவில் குறைந்து, நுனியில் இன்னும் வெளிறி இருக்கும். இன வரையறையே, அதாவது இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று நாய்ச் சங்கங்கள் வகுத்த விதியே, அப்படித்தான் கேட்கிறது. உடம்பு நீலம் தலையின் பின்மேட்டிலிருந்து வால் அடிவரை ஓட வேண்டும், நடுவே பழுப்பு முடி கலக்கக் கூடாது. பழுப்பு தோளிலும் கழுத்திலும் ஏறி வந்தால் போட்டி மேடையில் அது குறை. வீட்டில் வளர்ப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

கே: 3 வயது ஆண். இன்னும் கருப்பு. முடி மினுக்கவே இல்லை, பஞ்சு மாதிரி உப்பி நிற்கிறது. காலையில் சீவினால் மாலையில் சிக்கு. விலை உயர்ந்த கண்டிஷனர் எல்லாம் பார்த்தாயிற்று. என்ன செய்தால் பட்டாகும்?

ப: எதைத் தடவினாலும் ஆகாது. முதலில் இதை ஒப்புக்கொண்டால் செலவு மிச்சம், நாய்க்கும் நிம்மதி. முடியின் தன்மை பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. கண்டிஷனர் மேற்பரப்பைக் கொஞ்ச நேரம் வழவழப்பாக்கும், முடியின் அமைப்பை மாற்றாது.

இந்த இனத்தில் நிறமும் தன்மையும் பெரும்பாலும் கைகோத்தே வரும். 3 வயதிலும் கருப்பாக நிற்கும் முடி பல நாய்களில் தடித்து, அலையோடி, பஞ்சு போல இருக்கும். எஃகு நீலமாகத் தெளிந்த முடி பட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மிக இளம் வயதிலேயே வெள்ளியாக வெளுத்துவிட்டால் முடி மெலிந்து, அடர்த்தி குறைந்து போவதுண்டு. விதிவிலக்குகள் நிறைய உண்டு, ஆனாலும் வளர்ப்பவர்கள் குட்டி தேர்வு செய்யும்போது நிறத்தையும் தொட்டுப் பார்ப்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்வது இதனால்தான்.

உங்கள் நாய்க்கு எந்த முடி என்று உறுதி செய்ய, குளித்துக் காய்ந்த மறுநாள் விலா மேல் ஒரு கொத்தை இரு விரலுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். பட்டு முடி கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும். தூக்கி விட்டால் தனித்தனி இழையாக வழுக்கி விழும். பஞ்சு முடி விரலில் ஒட்டும், வெதுவெதுப்பாக இருக்கும், தூக்கிவிட்ட இடத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. அது பளபளக்கும், ஆனால் அலையோடும். அதை நீளமாக வளர்க்கலாம், வேலை மட்டும் கொஞ்சம் கூடும்.

மரபணுச் சோதனை செய்தால் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு: 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை 3 மரபணுக்களால் விளக்கலாம் என்று காட்டியது. ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, ஒன்று தாடி மீசைக்கு. யார்க்கி நீள முடியும் தாடியும் உள்ள, சுருளில்லாத இனம். ஆனால் பட்டா பஞ்சா என்பதை அந்த 3-ம் பிரித்துச் சொல்லாது. அதற்குக் கைதான் சோதனை.

இனி பராமரிப்பு. பஞ்சு முடியை நீளமாக விட்டுக்கொண்டு தினமும் போராடுவதைவிட 2 முதல் 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டி வைப்பது நல்லது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். தோல் தெரிய ஒட்ட மழிக்க வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. வெட்டிய பிறகும் தினமும் 5 நிமிடம் உலோகச் சீப்பு போக வேண்டும். மேலோட்டமாகப் பிரஷ் செய்தால் மேலே பஞ்சு போலப் பரவி அழகாகத் தெரியும், அடியில் சடை கெட்டியாகிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து ஒரு விரல் அகலம் அகலமாகக் கீழே விட்டுச் சீவுங்கள். சீப்பு தோலில் தொடங்கி நுனிவரை தடையில்லாமல் வந்தால்தான் அந்த வரிசை முடிந்தது.

சடை முதலில் விழும் இடங்கள்: காதுக்குப் பின்புறம், அக்குள், தொடை உள்பக்கம், கழுத்துப் பட்டையோ மார்புப் பட்டையோ உரசும் கோடு. பட்டையை வீட்டுக்குள் கழற்றி வைத்தாலே பாதிச் சிக்கு குறையும்.

சடை இருக்கும்போது குளிப்பாட்டாதீர்கள். தண்ணீர் பட்டால் அது கம்பளி போல இறுகிவிடும். முதலில் சடைமேல் கொஞ்சம் சோளமாவு தூவி, விரல்களால் நீளவாக்கில் இரண்டாக, நான்காகக் கிழித்து, சீப்பின் ஓரப் பற்களால் நுனியிலிருந்து அவிழுங்கள். 10 நிமிடத்தில் அவிழாததை அவிழ்க்க முயல வேண்டாம், வெட்டிவிடுங்கள். வெட்டும்போது சடைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைச் செருகி, அதற்கு மேல்புறம் கத்தரி வையுங்கள். யார்க்கியின் தோல் மெல்லியது. சடையோடு சேர்ந்து மேலே எழும்பி வரும், கத்தரி நேராக அதைக் கடித்துவிடும்.

கே: எங்கள் யார்க்கிக்கு நல்ல பட்டு முடிதான். ஆனாலும் நுனி உடைகிறது. தரை தொட வேண்டிய வயதில் வயிற்றைத் தாண்டவில்லை.

ப: உலர்ந்த முடியைச் சீவுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். பட்டு முடி உலர்ந்த நிலையில் மின்னூட்டம் பிடித்துப் பறக்கும், பிரஷ் பட்டால் முறியும். 500 மி.லி. தண்ணீரில் 1 டீஸ்பூன் கண்டிஷனர் கலந்து தெளிப்பானில் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பனி போலத் தெளித்த பிறகே பிரஷ். பிரஷ்ஷின் கம்பி முனையில் உருண்டைக் குமிழ் இல்லாததாக இருக்கட்டும், குமிழில் முடி மாட்டி இழுபடும்.

முழு நீள முடிக்கு 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை குளியல் தேவை. அழுக்கு முடிதான் அதிகம் உடையும், குளியலைத் தள்ளிப்போடுவதால் முடி காப்பாற்றப்படுவதில்லை. ஷாம்பூவைப் பாட்டிலில் சொன்ன அளவுக்கு நீர்த்துத்தான் ஊற்ற வேண்டும். பல வகைகளுக்கு அது 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர். மனிதர் ஷாம்பூ வேண்டாம். நம் தோலைவிட நாயின் தோல் அமிலத்தன்மை குறைந்தது. தேய்க்கும்போது வட்டமாகக் கசக்காமல் முடி விழும் திசையில் கையை இறக்குங்கள். அலசுவதில் அவசரப்படாதீர்கள். மங்கலாக, தூசு படிந்தது போலத் தெரியும் முடியில் பாதிக்கு மேல் ஷாம்பூ மிச்சம்தான் குற்றவாளி. துண்டால் துடைக்காமல் ஒற்றியெடுத்து, டிரையரை வெதுவெதுப்பில் வைத்து, பிரஷ்ஷும் காற்றும் ஒரே திசையில் போகும்படி உலர்த்துங்கள். தானாகக் காயவிட்டால் பட்டு முடியும் அலை பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பஞ்சு முடி என்று தப்பாக நினைத்துவிடுவதும் உண்டு.

குடுமி போடுகிறீர்கள் என்றால் ரப்பர் பட்டையை ஒருபோதும் இழுத்துக் கழற்றாதீர்கள், சிறு கத்தரியால் நறுக்கி எறியுங்கள். தினமும் அவிழ்த்து, சற்றுத் தள்ளி இடம் மாற்றிக் கட்டுங்கள். கட்டியதும் கண் ஓரம் மேலே இழுபட்டால் அது இறுக்கம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இழுபட்டால் அங்கே இரத்த ஓட்டம் குறைந்து நெற்றி உச்சியில் வழுக்கை விழும். தழும்பாகிவிட்டால் அந்த முடி திரும்பாது.

கே: கருப்பும் பழுப்புமான இரண்டு நாய்களைச் சேர்த்தோம். 4 குட்டியில் ஒன்று சாக்லேட் நிறம், மூக்கும் பழுப்பு. வேறு ஆண் நாய் புகுந்துவிட்டதா?

ப: புகுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சாக்லேட் நிறம் ஒளிந்து வரும் குணம். குட்டிக்கு அது தெரிய, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி வேண்டும். ஒரே பிரதி உள்ள நாய் சாதாரணக் கருப்பாகவே இருக்கும், தலைமுறை தலைமுறையாகச் சுமந்துகொண்டும் போகும். சந்தேகம் தாயின் மேலும் பாதி விழ வேண்டும். இருவருமே சுமப்பவர்கள் என்று இந்தக் குட்டி காட்டிக்கொடுத்துவிட்டது.

அத்தகைய இணையில் ஒவ்வொரு குட்டிக்கும் சாக்லேட் ஆகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒவ்வொரு ஈற்றிலும் எண்ணி ஒன்று விழும் என்பதல்ல. 4-ம் கருப்பாக வரலாம், 3 சாக்லேட்டாகவும் வரலாம். கருப்பாகப் பிறந்த மற்றக் குட்டிகளில் ஒவ்வொன்றும் அந்தக் குணத்தைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அவற்றை விற்கும்போது வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

நிறத்தை முடியில் பார்க்காமல் மூக்கில் பாருங்கள். உண்மையான சாக்லேட் குட்டிக்கு மூக்கு, கண்ணிமை ஓரம், உதடு, பாதம் எல்லாமே பழுப்பு. எங்கும் கருப்பு இருக்காது. மூக்கு கருப்பாக இருந்து முடி மட்டும் செம்பழுப்பாக இருந்தால் அது சாக்லேட் அல்ல. வெயிலில் வெளுத்ததாகவோ உணவுக் குறையாகவோ இருக்கலாம்.

சோதனைக்கு அனுப்புவதானால், சாக்லேட் நிறத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மரபணு மாற்றங்கள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். எல்லாவற்றையும் பார்க்கும் ஆய்வகத்தையே தேர்ந்தெடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்து "இல்லை" என்று வரும் முடிவு ஏமாற்றும். பால் குடிக்கும் குட்டியின் கன்னத்தில் மாதிரி எடுத்தால் தாயின் செல்கள் கலந்து வரும். தாயிடமிருந்து பிரித்து 1 மணி நேரம் கழித்து, பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து 30 விநாடி உருட்டி, காற்றில் நன்றாக உலர்த்திய பிறகே உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

சாக்லேட் நிறத்தால் நாயின் உடல்நலத்துக்குக் குறைவில்லை. போட்டி மேடையில் மட்டும் இடமில்லை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப்பின் இன வரையறை நீலமும் பழுப்பும் தவிர்த்த நிறங்களைத் தகுதிநீக்கம் என்றே வைத்திருக்கிறது.

கே: "அரிய நீலக் குட்டி, பிறந்ததிலிருந்தே நீலம்" என்று அதிக விலை சொல்கிறார்கள். பெரியவர்களின் நிறம் நீலம்தானே, சீக்கிரமே வந்தால் நல்லதல்லவா?

ப: வாங்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

வயதானபின் வரும் நீலம் நரை. பிறக்கும்போதே இருக்கும் நீலம் வேறு மரபணுவின் வேலை. கருப்பு நிறமி முடிக்குள் சீராகப் பரவாமல் கட்டிகட்டியாகத் திரள்வதால் முடி சாம்பலாகத் தெரிகிறது. இதுவும் இரு பிரதி வேண்டிய ஒளிந்த குணம். இந்தக் குட்டிகளுக்கு மூக்கும் கண்ணிமையும் பாதமும்கூடச் சிலேட்டு நிறம். கருப்பாகப் பிறந்து நரைக்கும் யார்க்கியிலிருந்து இதைப் பிரித்தறிய அந்த மூக்கு ஒன்றே போதும்.

நிறமிக் கட்டிகள் உள்ள இடத்தில் முடித்தண்டு பலவீனமாகி உடைகிறது. வேர்க்கால்களும் சேதப்படுகின்றன. இதனால் வரும் முடிகொட்டலுக்கு யார்க்கியும் ஆளாகும் இனங்களில் ஒன்று. பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் முதுகில் முடி மெலிந்து, செதில் உதிர்ந்து, சிறு கொப்புளங்கள் வரத் தொடங்கும். பழுப்பு முடி உள்ள முகமும் காலும் தப்பிக்கும், நீல முடி மட்டும் போகும். இந்த வேறுபாடே நோயின் அடையாளம். உடைந்த முடி ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தால் நிறமிக் கட்டிகள் தெரியும்.

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. மென்மையான ஷாம்பூ, தோல் ஈரப்பதம் காக்கும் தெளிப்பு, வெயிலிலிருந்து பாதுகாப்பு, கொப்புளத்தில் கிருமி சேர்ந்தால் அதற்கு மருந்து, இவ்வளவுதான் செய்ய முடியும். ஏற்கெனவே உங்களிடம் அப்படி ஒரு நாய் இருந்தால் அன்போடு வளருங்கள், இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.

கே: மார்பில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி. குறையா?

ப: இல்லை. குட்டிகளில் இது சாதாரணம், முடி நீண்டதும் பலவற்றில் கண்ணிலேயே படாது. அமெரிக்க வரையறைகூட முன்மார்பில் 1 அங்குலத்துக்கு மிகாத வெள்ளையை அனுமதிக்கிறது.

கே: வெள்ளை, கருப்பு, பழுப்பு மூன்றும் உள்ள யார்க்கிகளைப் பார்க்கிறோம். அவை யார்க்கியா, பீவரா?

ப: இரண்டும் இருக்கலாம். தோற்றத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது, பதிவுத் தாளைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைத் திட்டும் ஒளிந்து வரும் குணமே. பீவரின் கதை அப்படித்தான் தொடங்குகிறது. மேற்கு ஜெர்மனியில் யார்க்கி வளர்த்த வெர்னர் பீவர், கெர்ட்ரூட் பீவர் தம்பதியின் வீட்டில் 1984 ஜனவரி 20-ல் இரண்டு யார்க்கிகளுக்கு வெள்ளைத் திட்டோடு ஒரு குட்டி பிறந்தது. அதற்கு "சிறு பனித்துகள்" என்று பொருள்படும் ஜெர்மன் பெயரை வைத்தார்கள். குறை என்று ஒதுக்காமல் அந்த நிறத்தைத் தொடர்ந்து வளர்த்தார்கள். இன்று பீவர் டெரியர் தனி இனம். அமெரிக்கக் கென்னல் கிளப் 2021 ஜனவரியில் அதற்கு முழு அங்கீகாரம் தந்தது.

பெற்றோர் இருவரும் யார்க்கியாகப் பதிவானவர்கள் என்றால் குட்டி வெள்ளைத் திட்டுள்ள யார்க்கி. விற்பவர்கள் இதைத்தான் "பார்ட்டி" என்பார்கள். பெற்றோர் பீவர் என்றால் பீவர். பீவரின் உடல் நிறம் யார்க்கி போல வெளுத்து வருவதும் உண்டு. கருப்புத் திட்டு சாம்பலாகும், வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். வெள்ளை முடியில் எச்சில் கறை அப்பட்டமாகத் தெரியும் என்பதை வாங்குமுன் யோசித்துக்கொள்ளுங்கள்.

கே: மார்பிள் போலக் கருப்பும் சாம்பலும் சிதறிய யார்க்கி உண்டா?

ப: "மெர்ல்" எனப்படும் அந்த நிறம் யார்க்கிக்கு உரியதல்ல. எங்கோ வேறு இனம் கலந்திருக்கிறது. கலப்பு தவறில்லை, ஆனால் மெர்ல் நாய் இரண்டைச் சேர்த்தால் காது கேளாமலும் கண் குறைபாட்டோடும் குட்டிகள் பிறக்கும் ஆபத்து உண்டு. இது தெரியாமல் விற்பவரிடமும் வாங்க வேண்டாம், தெரிந்தே மறைப்பவரிடமும் வாங்க வேண்டாம்.

கே: எங்கள் குட்டி முழுக்கப் பொன்னிறம், ஒரு கருப்பு முடிகூட இல்லை. மூக்கு கருப்பு. இன்னொரு வாசகரின் நாய்க்கோ தாடி மீசையே வளரவில்லை, முகம் மழுமழுவென்று இருக்கிறது.

ப: இரண்டும் வெவ்வேறு ஒளிந்த குணங்கள். பொன்னிறக் குட்டியின் முடியில் கருப்பு நிறமி உருவாகவே இல்லை, தோலில் மட்டும் உருவாகிறது. அதனால் மூக்கு கருப்பு. இது வயதானால் நீலமாகாது. நலத்துக்குக் கேடில்லை.

தாடியில்லாத நாய்க்கு உடம்பு முடி நீளமாக இருந்தும் முகமும் முன்காலும் குட்டை முடியாக இருக்கும். தாடி மரபணு ஒரு பிரதி இருந்தாலே தாடி வரும். இரண்டுமே இல்லாமல் பிறந்தால் இந்த முகம். பார்ப்பவர்கள் கலப்பினம் என்பார்கள். சுத்தமான இனத்திலும், பெற்றோர் இருவரும் தாடியின்மையைச் சுமந்தால் வரும். சீவும் வேலை பாதி குறைவு என்று மகிழ்ந்துகொள்ளலாம்.

கே: 1 வயதில் காது மடல்களில் முடி உதிர்ந்து தோல் கருத்து, வழவழவென்று தோல்பொருள் மாதிரி ஆகிவிட்டது. மூக்குத் தண்டிலும் அப்படியே. அரிப்பு இல்லை.

ப: நீங்கள் சொல்வது யார்க்கியில் அறியப்பட்ட ஒரு நிலைக்குப் பொருந்துகிறது. 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தொடங்கும். இரு காதிலும் ஒரே அளவில், மூக்குத் தண்டில், சிலவற்றில் வாலிலும் பாதத்திலும் முடி போய்த் தோல் கருக்கும். வலியோ அரிப்போ இருக்காது. பெரும்பாலும் அப்படியே நிலைத்துவிடும். அழகுக் குறை மட்டுமே, கண்ட எண்ணெயைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டாம்.

ஆனால் பார்வையால் மட்டும் முடிவு கட்டக் கூடாது. யார்க்கிக்குப் படர்தாமரை எளிதில் பிடிக்கும், அது மனிதருக்கும் தொற்றும். தோலைச் சுரண்டிச் சொறிப்பூச்சி பார்ப்பது, முடியைப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது, இவை இரண்டும் முதலில் நடக்கட்டும். பூஞ்சைச் சோதனைக்கு 1 முதல் 3 வாரம் பிடிக்கும். திட்டு ஒரு பக்கம் மட்டும் இருந்தால், ஓரம் சிவந்திருந்தால், செதில் உதிர்ந்தால், வீட்டில் யாருக்காவது வட்டத் தடிப்பு வந்தால் பூஞ்சை என்றே நினைத்துத் தனிப் படுக்கை, தனிச் சீப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஒட்ட மழித்தோம். 5 மாதமாகியும் முதுகில் முடி சரியாக வரவில்லை, வந்த இடத்தில் நிறமும் வேறு.

ப: மழிக்கும்போது அந்த வேர்க்கால்கள் ஓய்வு நிலையில் இருந்திருக்கலாம். அவை மறுபடி விழித்து முளைக்க 6 மாதம் முதல் ஓராண்டு, சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். முளைக்கும் முடி அடர்ந்தோ வெளிறியோ வந்து, நீண்ட பிறகே பழைய நிறத்தோடு கலக்கும். நீல நாயை ஒட்ட வெட்டினால் நிறம் மாறித் தெரிவது இயல்பும்கூட. நீங்கள் இதுவரை பார்த்தது நுனி, இப்போது பார்ப்பது அடி.

அதற்காக ஓராண்டு சும்மா காத்திருக்கச் சொல்லவில்லை. 5 மாதத்தில் அறவே முளைக்காத நாய்க்குத் தைராய்டு இரத்தச் சோதனை செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

திட்டு ஒரே ஒரு இடத்தில், ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தால் அங்கே ஊசி போட்டார்களா என்று யோசியுங்கள். சிறிய இன நாய்களில், குறிப்பாக வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட இடத்தில், சில வாரமோ சில மாதமோ கழித்து முடி கொட்டி, பிறகு வேறு நிறத்தில் முளைப்பதுண்டு. தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டி, அடுத்த முறை எங்கே போடுவது என்று பேசிக்கொள்ளுங்கள்.

கே: கருத்தடை செய்தபின் பட்டு முடி பஞ்சாகிவிட்டது.

ப: நீள முடி நாய்களில் சிலவற்றுக்கு நடக்கும். திரும்பாது. மேலே சொன்ன பஞ்சு முடிப் பராமரிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். இதை மட்டும் நினைத்துக் கருத்தடையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கே: வாயைச் சுற்றியும் பாதத்திலும் முடி துருப்பிடித்த மாதிரிச் சிவக்கிறது. முதுகுக் கருப்பிலும் செம்மை தட்டுகிறது.

ப: வாயும் பாதமும் எச்சில் கறை. எச்சிலிலும் கண்ணீரிலும் உள்ள நிறமி ஈர முடியில் ஊறிச் சிவக்கிறது. சாப்பிட்டதும் தாடியைத் துடைத்து உலர்த்துங்கள். பாதத்தை ஓயாமல் நக்கினால் ஒவ்வாமையோ ஈஸ்ட் கிருமியோ இருக்கலாம், கறையை விட்டு நக்கலுக்குக் காரணம் தேடுங்கள். ப்ளீச்சும் மனிதர் முடிச் சாயமும் வேண்டவே வேண்டாம், நாய் அதை நக்கிவிடும்.

முதுகுச் செம்மைக்கு, நிறம் முடியின் எந்த இடத்தில் மாறுகிறது என்று பாருங்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. நுனி மட்டும் சிவந்து அடி சரியாக இருந்தால் வெயில். அடியிலிருந்தே சிவந்து வந்தால் இப்போதைய உணவையோ உடல்நிலையையோ விசாரிக்க வேண்டும். கருப்பு நிறமி உருவாகப் புரதத்தில் உள்ள டைரோசின், ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலங்கள் தேவை. சோறும் கொஞ்சம் குழம்பும் என்று வளரும் நாயின் கருப்பு செம்பட்டையாவதற்கு இது ஒரு காரணம். முழுமையான நாய் உணவுக்கு மாறினால் புதிதாக வளரும் முடியில் 2, 3 மாதத்தில் வித்தியாசம் தெரியும். பழைய நுனி மாறாது, வெட்டித்தான் போக வேண்டும். துத்தநாகம், தாமிரம் என்று மாத்திரைகளை நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம், அளவு மீறினால் விஷம்.

கே: எப்போது இது வெறும் முடி விஷயமல்ல என்று முடிவெடுப்பது?

ப: முடியோடு வேறு ஏதாவது மாறினால். எடை கூடி, சோம்பி, வால் முடி போனால் தைராய்டு. நடுவயதைத் தாண்டிய நாய்க்கு முடி மெலிந்து, வயிறு தொங்கி, தண்ணீர் அதிகம் குடித்தால் அட்ரினல் சுரப்பியின் குஷிங் நோய். தண்ணீரை அளந்தே சொல்லலாம்: காலையில் அளந்து ஊற்றுங்கள், 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கழியுங்கள். கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல் போனால் அதிகம். 3 கிலோ யார்க்கிக்கு அது 300 மி.லி. உணவில் ஈரம் அதிகமிருந்தால் தண்ணீர் குறைவாகவே குடிக்கும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குட்டியாக இருக்கும்போதே முடி மங்கி, உடன்பிறந்தவற்றைவிடச் சிறுத்து, சாப்பிட்டபின் மந்தமாகவோ தள்ளாடியோ நின்றால் காத்திருக்காதீர்கள். கல்லீரலைச் சுற்றிக்கொண்டு இரத்தம் போகும் பிறவிக் குறை இந்த இனத்தில் அதிகம். உணவுக்கு முன்னும் 2 மணி நேரம் கழித்தும் இரத்தம் எடுத்துப் பித்த அமிலம் பார்ப்பார்கள். மருத்துவரிடம் போகும்போது குட்டியாக இருந்ததிலிருந்து எடுத்த படங்களைத் தேதியோடு கொண்டுபோங்கள். அதற்கு முந்தைய நாள் குளிப்பாட்ட வேண்டாம். செதிலும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே இருந்தால்தான் சோதிக்க முடியும்.